ஸ்டேடியத்தைப் பெரிதாக்கினால் ஆட்டக்காரர் சம்பளம் கட்டுப்படியாகுமா?

#1 உப்பளம் கேலரி

ஞாயிறு மேட்ச் இழையில் ஓரமாகத் தொடங்கிய பேச்சு கோல்களுக்கு நடுவில் காணாமல் போய்விட்டது. தனியாகப் பேச வேண்டிய விஷயம், அதனால் இங்கே வைக்கிறேன்.

லிவர்பூல் 2016-ல் மெயின் ஸ்டாண்டில் 8,500 இருக்கை சேர்த்தது. ஆன்ஃபீல்ட் ரோடு ஸ்டாண்டும் 2024-ல் முழுதாகத் திறந்தபிறகு இப்போது ஏறத்தாழ 61,000 பேர் உட்காரலாம். மான்செஸ்டர் சிட்டி வடக்கு ஸ்டாண்டை உயர்த்தும் வேலையில் இறங்கியது. எவர்டன் 52,000-க்கு மேல் பிடிக்கும் புது மைதானத்துக்குக் குடிபோய்விட்டது. பார்சிலோனாவின் இலக்கு 1,05,000. எல்லோரும் சொல்லும் காரணம் ஒன்றுதான்: வரவு கூடினால்தான் நல்ல ஆட்டக்காரர்களைக் கையில் வைத்துக்கொள்ள முடியும்.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். புதிதாக 10,000 இருக்கை. சீசனுக்குச் சொந்த மைதானத்தில் 25 ஆட்டம். வரி, காவல், ஊழியர் கூலி எல்லாம் போக ஒரு இருக்கைக்கு 40 பவுண்ட் நிற்கிறது. எல்லா ஆட்டமும் ஹவுஸ்ஃபுல். மொத்தம் 1 கோடி பவுண்ட். வாரம் 2 லட்சம் பவுண்ட் வாங்கும் ஒரு ஆட்டக்காரருக்கு ஆண்டுச் சம்பளம் 1 கோடியே 4 லட்சம். பத்தாயிரம் பேர் மழையிலும் குளிரிலும் வருஷம் முழுக்க வந்து கொடுக்கும் காசு ஒரே ஒருவரின் சம்பளத்துக்குப் போதவில்லை. கட்டுமானக் கடனின் வட்டியை நான் இன்னும் தொடவே இல்லை.

அப்படியானால் எதை நம்பி இவ்வளவு கட்டுகிறார்கள்? கட்டியதை நிரப்புவது யார், ஸ்டார்களா, டிக்கெட் விலையா, ஊரா?

#2 பண்ருட்டி பார்சா

கேலரி அண்ணா, உங்கள் கணக்கில் எல்லா இருக்கையும் ஒரே விலை. அங்கேதான் இடிக்கிறது. விரிவாக்கத்தின் லாபம் சாதாரண இருக்கையில் இல்லை, சாப்பாட்டோடு விற்கும் பாக்ஸ் இருக்கையில் இருக்கிறது. டாட்டன்ஹாமைப் பாருங்கள். பழைய மைதானத்தில் 36,000 பேர்தான். 2019-ல் 62,850 இருக்கையோடு புது ஸ்டேடியம் வந்தது. இப்போது ஆட்ட நாள் வருமானம் மட்டும் ஆண்டுக்கு 10 கோடி பவுண்டைத் தாண்டுகிறது. கூடவே அமெரிக்கக் கால்பந்து, கச்சேரி என்று மற்ற நாட்களிலும் மைதானம் சம்பாதிக்கிறது.

அப்புறம், நிரப்புவது ஸ்டார்தான். ஊர், பாசம் எல்லாம் இருக்கட்டும். மெஸ்ஸி விளையாடிய பார்சிலோனாவின் கேம்ப் நோ மைதானத்துக்கு உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் ஆள் வந்தார்கள். நல்ல ஆட்டக்காரர் இல்லாமல் ஒரு லட்சம் நாற்காலி போட்டு என்ன செய்வது?

#3 முதுநகர் ஆடிட்டர்

பார்சா தம்பி, நீங்கள் சொன்ன பார்சிலோனாவையே எடுத்துக்கொள்வோம். 2021 ஆகஸ்டில் தலைவர் லபோர்ட்டா பத்திரிகையாளர்களிடம் சொன்னது: ஆட்டக்காரர் சம்பளச் செலவு கிளப்பின் வருமானத்தில் 103 விழுக்காடு. கடன் 135 கோடி யூரோ. கேம்ப் நோவில் அப்போதே 99,000 இருக்கை இருந்தது. ஐரோப்பாவிலேயே பெரிய மைதானம் அதுதான். அந்த மைதானத்தால் மெஸ்ஸியைத் தக்கவைக்க முடியவில்லை. அவர் சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளத் தயாராக இருந்தும் ஸ்பெயின் லீகான லா லிகாவின் சம்பள வரம்புக்குள் அவரை அடக்க வழியில்லாமல் போனது.

கிளப்புக்கு வரும் பணம் மூன்று வாய்க்காலில் வருகிறது. டிவி உரிமை, ஸ்பான்சரும் ஜெர்சி வியாபாரமும், ஆட்ட நாள் வசூல். இங்கிலாந்தின் முதல் பிரிவில் டிவிதான் பெரிய வாய்க்கால். போர்ன்மத் கிளப்பின் மைதானத்தில் 11,000 பேர் சொச்சம்தான் உட்கார முடியும், ஆனாலும் பிரீமியர் லீகில் நிற்கிறது என்றால் காரணம் அதுதான். கீழ்ப் பிரிவுகளுக்குப் போகப் போக டிவி காசு வற்றிவிடும், கேட் கலெக்‌ஷன்தான் சோறு போடும். ஆகவே ‘ஸ்டேடியம் கட்டினால் லாபமா’ என்ற கேள்விக்கு எல்லா கிளப்புக்கும் ஒரே பதில் கிடையாது.

செலவுப் பக்கத்தில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. ஒரு ஆட்டக்காரரை 10 கோடி யூரோ கொடுத்து 5 ஆண்டு ஒப்பந்தத்தில் வாங்கினால், பணம் எப்போது கைமாறினாலும், புத்தகத்தில் ஆண்டுக்கு 2 கோடி செலவாக ஏறும். அதன்மேல் சம்பளம். ஆட்டக்காரர் முழங்கால் பிசகி உட்கார்ந்திருந்தாலும் ஏறும். நல்ல சீசனில் உற்சாகமாக வாங்கிய நான்கு பேரின் பாரம் மோசமான சீசனிலும் கணக்கில் கிடக்கும். ஸ்டேடியம் நிரம்புவது இந்த ஆண்டு ஆட்டத்தைப் பொறுத்தது, சம்பளமோ போன ஆண்டு நம்பிக்கையைப் பொறுத்தது. கிளப்புகள் விழுவது இந்த இடைவெளியில்தான்.

இதனால்தான் ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஈஎஃப்ஏ 2025-26 சீசனிலிருந்து சம்பளம், வாங்கிய விலையின் ஆண்டுப் பங்கு, ஏஜெண்ட் கமிஷன் மூன்றும் சேர்ந்து வருமானத்தில் 70 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று வைத்திருக்கிறது. பிரீமியர் லீக் கிளப்புகளும் 2025 நவம்பரில் 85 விழுக்காடு என்ற வரம்புக்கு வாக்களித்துவிட்டன, அது 2026-27 முதல். மைதானம் கட்டும் செலவை இரண்டு இடத்திலும் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. கட்டத் தடையில்லை. கட்டிய தெம்பில் சம்பளத்தை ஏற்றுவதற்குத்தான் தடை.

#4 பண்ருட்டி பார்சா

103 விழுக்காடு பழைய நிர்வாகத்தின் வேலை சார். இப்போது திரும்பி வருகிறோம். 2025 நவம்பரில் கேம்ப் நோவுக்குத் திரும்பிய முதல் ஆட்டத்தில், பாதி மைதானம்தான் திறந்திருந்தும், 45,000 பேர் வந்தார்கள்.

#5 முதுநகர் ஆடிட்டர்

வந்தார்கள், சந்தோஷம். ஆனால் அதே ஆண்டின் தொடக்கத்தில், இன்னும் கட்டி முடிக்காத மைதானத்தின் 475 விஐபி இருக்கைகளின் உரிமையை 30 ஆண்டுக்கு, சுமார் 10 கோடி யூரோவுக்கு விற்றார்கள். அந்த வரவைக் காட்டித்தான் ஆட்டக்காரர் டேனி ஓல்மோவை லீகில் பதிவுசெய்யப் போராடினார்கள். 30 ஆண்டு வருமானம் ஒரு சீசன் பதிவுக்காகக் கைவிட்டுப் போகிறது தம்பி. கிளப்பை நேசிக்கிறவர் நீங்கள், அதனால்தான் சொல்கிறேன்.

#6 குருசுக்குப்பம் சில்வி

பிரான்ஸ் பக்கம் யாரும் பேசவில்லையே என்று வந்தேன். எங்கள் மாமா போர்தோவில் இருக்கிறார். புதுச்சேரியில் எத்தனையோ குடும்பங்களைப்போல எங்கள் குடும்பமும் பாதி அங்கே, பாதி இங்கே. அதனால் அந்த கிளப்பின் கதை எங்கள் வீட்டில் ஒரு உறவுக்காரரின் நோய் மாதிரி ஃபோனில் வாராவாரம் விசாரிக்கப்பட்ட கதை.

போர்தோ சின்ன கிளப் இல்லை. ஆறு முறை பிரான்ஸ் சாம்பியன், கடைசியாக 2009-ல். பழைய ஷபான் தெல்மாஸ் மைதானத்தில் 34,000 பேர் உட்காரலாம், ஊருக்குள்ளேயே இருந்தது. 2016 யூரோ போட்டி வருகிறது என்று ஊருக்கு வடக்கே 42,000 பேருக்கு வெள்ளைத் தூண்களோடு அழகான புது மைதானம் கட்டினார்கள். 2015 மே மாதம் திறந்தது. கிளப் வாடகைக்கு வந்தது. மாமா முதல் சீசன் முழுக்கப் போனார். பழைய மைதானத்தில் ஆட்டம் முடிந்தால் நடந்தே வீடு வந்துவிடுவார், புதியதில் டிராமுக்கு வரிசையில் நிற்கவேண்டும். பிள்ளைகளை இரவு ஆட்டத்துக்குக் கூட்டிப்போவதை அத்தை நிறுத்திவிட்டார்கள். கேட்டால் சின்ன விஷயம். ஆனால் 42,000 பேருக்கான மைதானத்தில் இப்படிப்பட்ட குடும்பங்கள் விலகினால் அது கண்ணில் தெரியும், காலி இருக்கை டிவியில் பளிச்சென்று தெரியும்.

அப்புறம் எல்லாம் சேர்ந்து வந்தது. உரிமையாளர் மாறினார், அமெரிக்க நிதி நிறுவனம் வந்தது. 2020-ல் பிரெஞ்சு லீகுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 80 கோடி யூரோ தருவதாகச் சொல்லி டிவி உரிமை வாங்கிய மீடியாப்ரோ நிறுவனம் சில மாதங்களிலேயே கைவிரித்தது. கிளப்புகள் எல்லாம் அந்தக் காசை எதிர்பார்த்துச் சம்பளம் பேசி முடித்திருந்தன. கொரோனாவில் மைதானம் பூட்டியிருந்தது. 2021-ல் அமெரிக்க நிறுவனம் இனிப் பணம் போடமாட்டேன் என்று ஒதுங்கியது. 2022-ல் அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. 2024 ஜூலையில் லிவர்பூலின் உரிமையாளர்களான ஃபென்வே குழு வாங்கப்போகிறது என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர்கள் பேச்சை முறித்துக்கொண்டார்கள். அதே மாதம் கிளப் திவால் நடவடிக்கைக்குப் போனது, தொழில்முறைத் தகுதியைக் கைவிட்டது, ஆட்டக்காரர்களின் ஒப்பந்தம் எல்லாம் போனது, இளைஞர் பயிற்சி மையமும் மூடியது. அணி நான்காம் பிரிவில் போய் விழுந்தது.

பதினைந்து, பதினாறு வயதில் வீட்டை விட்டு வந்து அந்த மையத்தில் தங்கிப் பயின்ற பையன்கள் ஜூலை மாதத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறு கிளப் தேடினார்கள். எனக்கு மைதானத்தைவிட அதுதான் ஆறவில்லை.

#7 வில்லியனூர் விசில்

சில்வி அக்கா சொன்னதோடு பிரான்ஸின் லு மான் கிளப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் பிரிவில் இருக்கும்போது 25,000 பேருக்குத் திட்டம் போட்டார்கள். 2010-ல் அணி இறங்கிவிட்டது. 2011 ஜனவரியில் மைதானம் திறந்தபோது இரண்டாம் பிரிவு. 2013-ல் கிளப்பே திவால். புத்தம்புது மைதானம் தொழில்முறை அணி இல்லாமல் நின்றது.

#8 உப்பளம் கேலரி

இங்கிலாந்தின் டார்லிங்டன் இன்னும் கொடுமை. நான்காம் பிரிவு அணிக்கு 2003-ல் 25,000 இருக்கை மைதானம். முதல் ஆட்டத்துக்கு 11,600 பேர் வந்தார்கள். அதன்பிறகு சில ஆயிரம்தான். போக்குவரத்து நெரிசல் காரணமாக 10,000-க்கு மேல் ஆள் விடக்கூடாது என்று அனுமதியிலேயே கட்டுப்பாடு வேறு இருந்தது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே கிளப் திவால் நடவடிக்கைக்கான நிர்வாகிகளின் கைக்குப் போனது. 2012-ல் அந்த மைதானத்தை விட்டே வெளியேறியது. இப்போது அங்கே ரக்பி ஆடுகிறார்கள்.

#9 நெய்வேலி டவுன்ஷிப்

விழுந்த கதைகளே வருகின்றன. நிரம்பும் கதை ஒன்று சொல்கிறேன்.

பிரான்ஸின் வடக்கே லான்ஸ் என்று ஒரு ஊர். மக்கள்தொகை 32,000 அளவில்தான். ஸ்டேடியத்தில் 38,000 பேர் உட்காரலாம். ஊரில் உள்ள கைக்குழந்தை முதல் கிழவர் வரை எல்லோரையும் கொண்டுவந்து உட்காரவைத்தாலும் இடம் மிஞ்சும். ஆனாலும் நிரம்புகிறது. இரண்டாம் பிரிவில் கிடந்த ஆண்டுகளிலும் பல்லாயிரம் பேர் வந்தார்கள்.

நிலக்கரிச் சுரங்க ஊர் அது. பொல்லேர் மைதானம் 1930களில், வேலை இழந்த சுரங்கத் தொழிலாளர்களைக் கொண்டு கட்டியது. மைதானத்துக்குச் சூட்டியது சுரங்கக் கம்பெனி நிர்வாகியின் பெயர். கடைசிச் சுரங்கங்கள் மூடி முப்பது ஆண்டுக்கு மேலாகிறது. சுற்றியுள்ள சுரங்கக் குடியிருப்புகளிலிருந்து தாத்தா வந்தார், அப்பா வந்தார், இப்போது பேத்தி வருகிறாள். எங்கள் அப்பா என்எல்சியில் ஷிப்ட் பார்த்தவர். இரண்டாம் ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு டவுன்ஷிப் மைதானத்தில் விளக்கு வெளிச்சத்தில் கடைசிப் பத்து நிமிடத்தையாவது பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். அதைப் பார்த்து வளர்ந்ததால் லான்ஸ் மைதானத்தை டிவியில் முதல்முறை பார்த்தபோதே எனக்குப் பிடித்துப்போனது.

பார்சா தம்பிக்கு: 2022-23-ல் லான்ஸ் பாரிஸை விட ஒரே ஒரு புள்ளி குறைவாக இரண்டாம் இடம் பிடித்தது. பாரிஸ் 85, லான்ஸ் 84. மெஸ்ஸி, எம்பாப்பே, நெய்மர் மூவரும் ஆடிய பாரிஸ் அது. சம்பளப் பட்டியலை எடைபோட்டால் பக்கத்தில்கூட வைக்கமுடியாது. லான்ஸ் மைதானத்தில் ஸ்டார் என்று யாரும் இல்லாத ஆண்டுகளிலும் கூட்டம் இருந்தது.

#10 பண்ருட்டி பார்சா

அண்ணே, மரியாதையோடு ஒன்று கேட்கிறேன். அந்த இரண்டாம் இடத்துக்கு அப்புறம் என்ன ஆனது? ஒப்பெண்டாவை லைப்சிக்குக்கு விற்றார்கள், கேப்டன் ஃபொஃபானா சவூதிக்குப் போனார். 2025 ஜனவரியில் குசானோவை மான்செஸ்டர் சிட்டி வாங்கிக்கொண்டது. நன்றாக ஆடும் ஒவ்வொருவரையும் விற்றால்தான் கணக்கு நேராகும் என்றால், மைதானம் நிறைந்தும் பயனில்லை என்றுதானே அர்த்தம்? பார்வையாளர் கொடுக்கும் விசுவாசத்துக்கு ஈடாக கிளப் அவர்களுக்கு ஒரு நல்ல அணியைக் கொடுக்க வேண்டாமா? என் வருத்தம் அதுதான்.

#11 நெய்வேலி டவுன்ஷிப்

நியாயமான கேள்வி. விற்கும்போது வலிக்கத்தான் செய்கிறது. ஃபொஃபானா போனபோது அந்த ஊர் அழுதது. ஆனால் விற்ற காசில் அடுத்தவரைக் கொண்டுவர முடிகிறது, சம்பளம் தேதி தவறாமல் போகிறது, மைதானம் பூட்டப்படவில்லை. போர்தோ ரசிகர்களிடம் கேட்டால் இதையே வரம் என்பார்கள். பிரெஞ்சு டிவி காசு இருக்கிற நிலையில் லான்ஸ் அளவு கிளப்புக்கு வேறு வழி இல்லை என்பதுதான் உண்மை. கூட்டம் கிளப்பைப் பணக்காரராக்காது. கிளப் சரிந்தால் தாங்கிப் பிடிக்கும்.

#12 மஞ்சக்குப்பம் ஸ்டாப்பர்

எல்லோரும் சம்பளம் என்றதும் நோயைப் பற்றிப் பேசுவது போலவே பேசுகிறீர்கள். நான் ஸ்டாப்பர் பேக்காகச் சென்னை டிவிஷன் லீகில் ஆடியவன், அதனால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆட்டக்காரன் ஆடுவது பத்துப் பன்னிரண்டு வருஷம். அதற்குள் முழங்கால் ஒருமுறையாவது போகும். வாரம் 2 லட்சம் பவுண்ட் வாங்குகிறவர்கள் உலகத்தில் வெகு சிலர். மற்ற ஆயிரக்கணக்கானவர்களின் சம்பளம் வீட்டு வாடகைக்கும் தங்கை கல்யாணத்துக்கும் போகிற சம்பளம். நான் ஆடிய ஒரு கிளப்பில் (பெயர் வேண்டாம்) இரண்டு மாதம் சம்பளம் நின்றது. ‘ஸ்பான்சர் காசு வரட்டும்’ என்றார்கள். அதே வாரம் மைதானத்துக்குப் புது கேட், புது பெயர்ப் பலகை வைத்தார்கள். நாங்கள் லாட்ஜில் ஒரு அறையில் ஐந்து பேர், காலையில் பயிற்சிக்கு முன் ஒரு டீ, அப்புறம் மதியம்வரை ஒன்றுமில்லை. பலகைக்குக் காசு இருந்தது, எங்களுக்கு இல்லை. கடைசிவரை அந்தப் பாக்கி வரவே இல்லை.

2025 ஆகஸ்டில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். நம் நாட்டின் முதன்மைக் கால்பந்து லீகான ஐஎஸ்எல்லை நடத்திய நிறுவனத்துக்கும் கால்பந்து சம்மேளனத்துக்கும் 2010-ல் போட்ட ஒப்பந்தம் டிசம்பரில் முடிய இருந்தது, அடுத்தது என்ன என்று யாருக்கும் தெரியவில்லை. லீக் நடக்குமா என்பதே சந்தேகமான உடனே பெங்களூரு எஃப்சி முதல் அணி ஆட்டக்காரர்களுக்கும் ஊழியர்களுக்கும் சம்பளத்தைக் காலவரையின்றி நிறுத்திவைப்பதாக அறிவித்தது. நம் சென்னையின் எஃப்சியும் வேலைகளை நிறுத்தியது. சென்னை நேரு ஸ்டேடியம் இருக்கிறது, ஸ்டாண்ட் இருக்கிறது, இருக்கை இருக்கிறது. ஆட்டக்காரன் வீட்டில் அடுப்புதான் எரியவில்லை.

ஆகவே சம்பளம் அதிகம், குறை என்று மட்டும் சொல்லாதீர்கள். கொடுக்க முடிகிற சம்பளத்தைப் பேசுங்கள், பேசியதைக் கொடுங்கள்.

#13 முதுநகர் ஆடிட்டர்

ஸ்டாப்பர் சொன்ன கடைசி வரியோடு நான் முழுக்க உடன்படுகிறேன். இதற்கு இரண்டு கிளப்புகளின் கதையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

லீட்ஸ் யுனைடெட் 2001-ல் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி ஆடியது. அந்த உயரத்திலேயே நிற்பதற்காக வருங்கால டிக்கெட் வசூலை அடமானம் வைத்து 6 கோடி பவுண்ட் கடன் வாங்கியது. அடுத்த ஆண்டும் சாம்பியன்ஸ் லீகில் ஆடுவோம் என்ற நம்பிக்கையில் சம்பளம் பேசியிருந்தார்கள். தகுதி பெறவில்லை. 2002-ல் ஃபெர்டினாண்டை மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு விற்றார்கள், அப்புறம் ஒவ்வொருவராக. 2004-ல் பிரீமியர் லீகிலிருந்து இறங்கினார்கள், எலண்ட் ரோடு மைதானத்தையே விற்றார்கள். இத்தனைக்கும் கூட்டம் வராத கிளப் இல்லை அது.

ஜெர்மனியின் டார்ட்மண்டும் அதே பள்ளத்தில் விழுந்தது. 1990களின் நடுவிலிருந்து மைதானத்தைப் படிப்படியாக உயர்த்தி 2003-ல் 80,000-ஐத் தாண்டினார்கள். பங்குச் சந்தைக்குப் போய்க் கிடைத்த பணத்தில் அமொரோசோ போன்ற பெரிய பெயர்களை வாங்கினார்கள். மைதானத்தையே விற்று வாடகைக்கு இருந்தார்கள். சாம்பியன்ஸ் லீக் வருமானமும் நின்றது. பரம வைரியான பேயர்ன் மியூனிக் கிளப்பிடமே 20 லட்சம் யூரோ கைமாற்று வாங்கினார்கள். 2005 மார்ச் 14-ல் டூசல்டார்ஃப் விமான நிலையத்தில் கூடிய முதலீட்டாளர்கள் சரி என்று சொல்லாமல் இருந்திருந்தால் அன்றோடு கதை முடிந்திருக்கும். ஆட்டக்காரர்கள் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தார்கள்.

அதற்குப்பிறகு அவர்கள் செய்த வேலைதான் முக்கியம். சம்பளத்தை இறக்கினார்கள், இளைஞர்களை ஆடவைத்தார்கள், 2006-ல் மைதானத்தைத் திரும்ப வாங்கினார்கள். தெற்கு ஸ்டாண்டில் ஏறத்தாழ 25,000 பேர் நின்றபடி பார்க்கும் இடத்தை அப்படியே விட்டுவைத்தார்கள். அங்கே டிக்கெட் விலை இங்கிலாந்தோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. 2011, 2012 இரண்டு ஆண்டும் சாம்பியன். இன்றும் 81,000 பேர் பிடிக்கும் மைதானம் ஆட்டத்துக்கு ஆட்டம் நிரம்புகிறது. அந்த 25,000 பேரின் டிக்கெட்டை இரண்டு மடங்காக்கினால் காகிதத்தில் லாபம் தெரியும். ஆனால் மற்ற 56,000 இருக்கைகளை விலைகொடுத்து வாங்குகிறவர்கள் பார்க்க வருவதில் பாதி, நின்று பார்க்கும் அந்த மனிதச் சுவரைத்தான்.

#14 உப்பளம் கேலரி

விலை என்றதும் எங்கள் கிளப் லிவர்பூல் நினைவுக்கு வருகிறது. மெயின் ஸ்டாண்ட் விரிவாக்கம் முடியும் தறுவாயில் புது ஸ்டாண்டில் சில இருக்கைகளுக்கு 77 பவுண்ட் என்றார்கள். 2016 பிப்ரவரி 6, சண்டர்லாண்டோடு ஆட்டம். 2-0 என்று முன்னிலையில் இருக்கும்போது, சரியாக 77-வது நிமிடத்தில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் எழுந்து வெளியே போனார்கள். ஆட்டம் 2-2 என்று முடிந்தது. சில நாட்களில் உரிமையாளர்கள் விலையைத் திரும்பப் பெற்று, உச்சவிலையை 59 பவுண்டில் இரண்டு சீசனுக்கு நிறுத்தினார்கள்.

வெளியே போனவர்கள் கிளப்பை வெறுத்தவர்கள் இல்லை, வாழ்நாள் முழுக்க வந்தவர்கள். 18 வயதுப் பையன் இருக்கை வாங்க முடியாவிட்டால் 40 வயதில் அவன் மகனைக் கூட்டிவர மாட்டான். இன்றைக்கு நிரம்புவதைவிட 2045-ல் நிரம்புவதுதான் எனக்குக் கவலை.

#15 வில்லியனூர் விசில்

இவ்வளவு பேர் இருக்கும்போதே எங்கள் சிக்கலையும் கேட்டுவிடுகிறேன். அளவு சின்னது, சங்கதி இதேதான்.

எங்கள் பக்கத்தில் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் டோர்னமெண்ட் நடத்துகிறோம். போன முறை இறுதிப் போட்டிக்குக் கூட்டம் பிதுங்கிவிட்டது, மதில்மேலும் வேப்பமரத்திலும் ஆள். அதைப் பார்த்துவிட்டு கமிட்டியில் பாதிப்பேர் இந்த முறை எதிர்ப்பக்கமும் சவுக்குக் கட்டையில் கேலரி கட்டவேண்டும் என்கிறார்கள். கேலரி நிரம்பவேண்டும் என்றால் கேரளாவிலிருந்து கெஸ்ட் ஆட்டக்காரர்களைக் கொண்டுவரவேண்டும் என்கிறார்கள். ஒரு ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பேசி, போக்குவரத்து, லாட்ஜ், சாப்பாடு தனி.

வரவு என்று பார்த்தால் கடைக்காரர்கள் தரும் பேனர் காசு, டீ, பஜ்ஜிக் கடை ஏலம், அரையிறுதி, இறுதிக்கு மட்டும் டிக்கெட். செலவுப் பக்கம் நோட்டில் நீளமாகப் போகிறது: கட்டை வாடகை, கட்டுகிறவர் கூலி, ஷாமியானா, மைக் செட், ஜெனரேட்டர் டீசல், நடுவர் பேட்டா, பந்து, சுண்ணாம்பு, முதலுதவி, கோப்பை, பரிசுத்தொகை. போன முறை கையைக் கடிக்காமல் முடிந்தது, அவ்வளவுதான். நான் நடுவர், கணக்குப் பிள்ளை இல்லை. சொல்லுங்கள்.

#16 மஞ்சக்குப்பம் ஸ்டாப்பர்

விசில் அண்ணே, முதலில் பாதுகாப்பு. 2022 மார்ச்சில் மலப்புரம் மாவட்டத்தில் செவன்ஸ் இறுதிப் போட்டியில் தற்காலிக கேலரி சரிந்து ஏகப்பட்ட பேருக்கு அடிபட்டது. அங்கேயும் எதிர்பார்த்ததைவிடக் கூட்டம். கட்டை எவ்வளவு உறுதி என்பதைவிட எத்தனை பேரை ஏறவிடுகிறீர்கள் என்பதுதான் உயிர் விஷயம். கட்டினால் பொறியாளர் ஒருவரைப் பார்க்கவைத்து, காவல்துறை, தீயணைப்புத் துறை அனுமதி வாங்கிக் கட்டுங்கள். எண்ணி ஆள் ஏற்ற முடியாது என்றால் கட்டவே வேண்டாம்.

#17 முதுநகர் ஆடிட்டர்

இறுதிப் போட்டி ஒரு நாள். கேலரி வாடகை டோர்னமெண்ட் முழுக்க. முதல் சுற்று ஆட்டங்களுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று நோட்டில் இருக்கிறதா? ஒரு நாள் கூட்டத்தைப் பார்த்துப் பதினைந்து நாள் செலவை முடிவுசெய்யாதீர்கள்.

கெஸ்ட் ஆட்டக்காரர் செலவுக்கு ஒரே விதி போதும்: டோர்னமெண்ட் தொடங்கும் முன் கையில் வந்துவிட்ட ஸ்பான்சர் காசிலிருந்து மட்டும் பேசுங்கள். வரப்போகும் டிக்கெட் காசை நம்பி ஒரு ரூபாய் பேசாதீர்கள். மழை ஒரு நாள் பெய்தால் போதும், பேசியது கடனாகிவிடும்.

#18 பண்ருட்டி பார்சா

நான் இன்னும் என் கட்சியில்தான் இருக்கிறேன், பெயர் தெரிந்த ஒருவர் ஆடினால் கூட்டம் வரும். ஆனால் ஆடிட்டர் சாரின் விதிக்குள் ஒருவர் போதுமே. எல்லா அணிக்கும் ஆளுக்கு மூன்று கெஸ்ட் என்று போனால் உள்ளூர்ப் பையன்கள் பெஞ்சில் உட்காருவார்கள், அவர்கள் தெருவே மைதானத்துக்கு வராது. அணிக்கு ஒரு கெஸ்ட் என்று வரம்பு வைத்துவிடுங்கள்.

#19 தேவனாம்பட்டினம் விங்

அண்ணன்மார்களே, நிரப்ப வழி தேடுகிறீர்கள், பாதி ஊரைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. நம் கடலூரிலிருந்து இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடியிருக்கிறார். இன்றும் காலையில் மைதானத்துக்கு வந்து பாருங்கள், எத்தனை பெண்பிள்ளைகள் ஓடுகிறார்கள் என்று. அரையிறுதி நாளிலோ இறுதி நாளிலோ முன்னதாகப் பெண்கள் ஆட்டம் ஒன்று வையுங்கள். ஒரு பெண் ஆடினால் அம்மா, சித்தி, பாட்டி, பள்ளிக்கூடத் தோழிகள் என்று ஒரு வேன் ஆள் வரும். அவர்கள் மதில்மேல் ஏறிப் பார்க்க மாட்டார்கள், உட்கார இடமும் கழிப்பறையும் வேண்டும். இரண்டாவது கேலரிக்கு வைத்திருக்கும் காசில் அதைச் செய்யுங்கள்.

ஒன்று கறாராகச் சொல்லிவிடுகிறேன். கண்காட்சி ஆட்டம்தானே என்று எங்களுக்கு ஜூஸும் சால்வையும் போதும் என்று நினைக்காதீர்கள். பஸ் காசும் பேட்டாவும் ஆண்கள் அணிக்கு என்னவோ அதே.

#20 குருசுக்குப்பம் சில்வி

தங்கை சொன்னதற்கு என் முழு ஆதரவு. நேரமும் முக்கியம். இரவு வெகுநேரம் இழுத்தால் குடும்பங்கள் வராது, எங்கள் அத்தை நிறுத்தியதும் அதனால்தான். இறுதிப் போட்டி ஆறரைக்குள் முடியட்டும்.

#21 வில்லியனூர் விசில்

நேற்று கமிட்டியில் இந்த இழையைப் படித்துக் காட்டினேன். வாக்குவாதம் நன்றாகவே நடந்தது. முடிவானது இது: எதிர்ப்பக்கக் கேலரி இந்த முறை இல்லை. அந்தப் பக்கம் தரையில் பாய் விரித்து, கயிறு கட்டி, குடும்பங்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் ஒதுக்குகிறோம். தற்காலிகக் கழிப்பறை இரண்டு. இருக்கும் கேலரியில் எண்ணி டோக்கன் கொடுத்துத்தான் ஏற்றுவோம். டிக்கெட் விலை பழையதுதான். அணிக்கு ஒரு கெஸ்ட், அதுவும் அவர் பணத்தைக் கமிட்டிப் பொருளாளரிடம் முன்கூட்டியே கட்டிய அணிக்கு மட்டும். ஆட்டம் முடிந்த அன்றே கையில் கொடுத்துவிடுவோம்.

பெண்கள் ஆட்டம் இறுதி நாள் மூன்றரை மணிக்கு. பேட்டா இரண்டு பக்கமும் ஒன்றே, நோட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டாகிவிட்டது. எதிரணிக்கு ஏழு பேர் வேண்டும், வில்லியனூர், அரியாங்குப்பம் பக்கம் ஆடுகிற பெண்பிள்ளைகளைத் தெரிந்தவர்கள் இங்கேயே சொல்லுங்கள்.

#22 தேவனாம்பட்டினம் விங்

எங்கள் பக்கம் ஏழு பேரும் தயார் அண்ணா, கூட மூன்று மாற்று. அரியாங்குப்பத்தில் இரண்டு பேரைத் தெரியும், இன்று கேட்டுச் சொல்கிறேன். மைதானம் எத்தனை மீட்டர்? அதற்குத் தகுந்தாற்போல் இப்போதிருந்தே பயிற்சி எடுக்கவேண்டும்.